களைத்த கால்களோடு கடைசி எட்டுக் கிலோமீட்டர்

ஞாயிறுதோறும் சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் கோரிப்பாளையத்திலிருந்து அழகர்கோவில் சாலையில் ஓடத் தொடங்குகிறோம். கடச்சனேந்தலைத் தாண்டி, கைக்கடிகாரம் 13 கிலோமீட்டர் காட்டும் இடத்தில் திரும்புவோம். திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும். அதன் பிறகுதான் அன்றைய பயிற்சியின் கடினமான பகுதி. மொத்தம் 26 கிலோமீட்டரில் கடைசி எட்டை, மாரத்தான் நாளன்று ஓட விரும்பும் வேகத்திலேயே ஓடியாக வேண்டும். போதாக்குறைக்கு, முந்தைய நாள் மாலையே 12 கிலோமீட்டர் ஓடிக் கால்களைக் களைக்கச் செய்திருப்போம்.

களைத்த கால்களோடு ஏன் ஓட வேண்டும், ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு ஓடினால் என்ன என்று எங்கள் வீடுகளில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டிருக்கும் சர்க்கரைச் சத்து பெரும்பாலானோருக்கு 30 கிலோமீட்டரைக் கடந்ததும் தீரத் தொடங்குகிறது. உண்மையான ஓட்டம் அங்கேதான் ஆரம்பமாகிறது. அந்தக் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரைப் பழகுவதற்காக ஒவ்வொரு வாரமும் 42 கிலோமீட்டர் ஓட முடியாது. ஓடினால் உடல் உடைந்துபோகும். ஆகவே முன்கூட்டியே களைத்த கால்களோடு குறைந்த தூரம் ஓடி, அந்த நிலையை உடலுக்கு அறிமுகப்படுத்துகிறோம். வழக்கமாக உழைக்கும் தசை இழைகள் சோர்ந்த பின், அதுவரை சும்மா இருந்த இழைகள் வேலைக்கு வருகின்றன. மனமும், இனி முடியாது என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் முடியும் என்பதைக் கற்றுக்கொள்கிறது.

இதற்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கைவிடச் சிறந்த சான்று எங்களுக்குத் தெரியவில்லை. எத்தியோப்பியாவில் பிறந்து, 2008ஆம் ஆண்டு பதினைந்து வயதில் அகதியாக நெதர்லாந்து சென்றவர் சகோதரி சிஃபான் ஹசன். பாரிஸில் 5,000 மீட்டரைத் தகுதிச் சுற்றும் இறுதியுமாக இருமுறை ஓடினார். ஆகஸ்ட் 9 இரவு 10,000 மீட்டர் ஓடினார். இரண்டு போட்டிகளிலும் வெண்கலம். 11ஆம் தேதி காலை மாரத்தான் தொடங்கும் இடத்தில் வந்து நின்றார். ஓடும்போதே, முந்தைய ஓட்டங்களில் ஏன்தான் கலந்துகொண்டோமோ என்று வருந்தியதாகப் பின்னர் அவரே சொன்னார். ஆனாலும் 2 மணி 22 நிமிடம் 55 வினாடியில், ஒலிம்பிக் சாதனையோடு முதலில் வந்தார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் இடைவெளி மூன்றே வினாடிகள். நிறைவு விழாவில் ஹிஜாப் அணிந்து அந்தத் தங்கத்தைப் பெற்றுக்கொண்டார். அதே போட்டிகளில் பிரான்ஸ் தன் சொந்த வீராங்கனைகளுக்கு ஹிஜாபைத் தடை செய்திருந்தது என்பதையும் சேர்த்தே நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த உதாரணத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. எங்களில் ஒருவர் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலியை மறைத்துக்கொண்டு மூன்று ஞாயிறுகள் ஓடினார். நாங்களும் அதை உறுதி என்று பாராட்டினோம். பிறகு ஆறு வாரம் அவரால் படியேறக்கூட முடியவில்லை. களைப்பு வேறு, காயம் வேறு. இரு கால்களும் ஒரேபோலக் கனத்தால் அது களைப்பு, ஓடலாம். ஒரே இடத்தில் குத்தினாலோ, நடையே மாறினாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ அங்கேயே நின்று ஆட்டோ பிடித்து வீடு வர வேண்டும். அதில் வெட்கமில்லை. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த தோழரையே, உடலுக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று நபிகளார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். வணக்கத்திற்கே அந்த வரம்பு என்றால் ஓட்டத்திற்கு இல்லாமல் போகுமா? இந்த உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

ரமளானைப் பற்றியும் கேட்கிறார்கள். பயிற்சிக்காகப் பர்ளான நோன்பை விடுவதை நாங்கள் சரியென்று கருதவில்லை. மாரத்தான் யார் மீதும் கடமையல்ல. அந்த மாதத்தில் கடினமான பயிற்சிகளை நிறுத்திவிட்டு, தராவீஹுக்குப் பின் மெதுவாக ஆறேழு கிலோமீட்டர் ஓடுகிறோம். நோன்புக் கஞ்சியை வயிறு நிறையக் குடித்துவிட்டு உடனே ஓட முயன்று பட்ட பாட்டை இங்கே விவரிக்க வேண்டாம்.

எங்களை உறுத்துவது இன்னொன்று. களைத்த கால்களின் பெருமையைப் பேசும் நாங்கள் எல்லோரும் ஆண்கள். நாங்கள் வீடு திரும்பும் வேளையில், ஐந்து மணியிலிருந்து நின்றபடியே இருக்கும் கால்கள் அடுப்படியில் எங்களுக்குத் தேநீர் ஊற்றுகின்றன. மதுரைக்குப் பக்கத்திலுள்ள சக்கிமங்கலத்தில் பிறந்த ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியின் ஆதரவில் வளர்ந்து, வெறுங்காலோடு ஓடத் தொடங்கி டோக்கியோ ஒலிம்பிக் கலப்பு 4×400 மீட்டர் தொடரோட்டம் வரை சென்றார். பெண் பிள்ளையை ஏன் ஓட அனுப்புகிறாய் என்று ஊரார் கேட்டபோது அந்தப் பாட்டி பேத்தியை வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளவில்லை. நம் மஹல்லாக்களில் அத்தாமார்களும் நன்னிமார்களும் அப்படி நிற்பார்களா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபிகளார் ஓட்டப் பந்தயம் வைத்ததைப் பயான்களில் மகிழ்ச்சியோடு கேட்கிறோம். ஆனால் சர்க்கரை நோய்க்காக நடக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு, நம் வீட்டுப் பெண்களின் கைப்பையில் மடித்தபடியே கிடக்கிறது.

வரும் மாதத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் நாங்கள் ஓடப் போவதில்லை. அந்தக் காலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிப் பள்ளிக்கு அனுப்புவது எங்கள் பொறுப்பு. வண்டியூர்க் கண்மாய்க் கரையில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஐந்து பேர் நடக்கத் தொடங்குகிறார்கள், இன்ஷா அல்லாஹ். அவர்களில் ஒருவர் இப்போதே, ஓடக் கூடாதா என்று கேட்டிருக்கிறார்.