சத்ரியாவுக்கு ரெண்டு பலகை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிவாக்கில் தாப்பா பெரிய சாலையோரம் தே தாரிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலை நம் ஊரில்தானே தொடங்குகிறது. சிம்பாங் பூலாய் பக்கம் அகலமான பாதை வந்த பிறகும், வளைவுக்கு ஆசைப்பட்டவர்கள் இந்தப் பக்கம்தான் வருகிறார்கள். தரையை உரசுகிற மாதிரி தாழ்ந்த கார்கள் ஆறு, ஏழு என்று வரிசையாக வரும். லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டி மேலே போகும்வரை அவர்கள் ராஜா. பம்பைக் கண்டால் மட்டும் புது மருமகள் நடை. நேராக ஏற மாட்டார்கள். நண்டு மாதிரி சாய்ந்து, ஒரு சக்கரத்தை வைத்து, அடுத்ததை யோசித்து, அப்புறம்தான் இறங்குவார்கள். பின்னால் காய்கறி லாரிக்காரன் ஹார்னை விட்டுக் கையை எடுக்க மாட்டான்.

அப்படிப்பட்ட கார் ஒன்று இப்போது எங்கள் குடும்பத்திலும் சேர்ந்திருக்கிறது. என் அக்கா மகன் ஒரு பழைய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ வாங்கியிருக்கிறான். இரண்டு கதவு, 1.8 லிட்டர் எஞ்சின். புரோட்டோன் 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனியைக் கையில் எடுத்த பிறகு, அந்த லோட்டஸ்காரர்கள் தொட்டுச் சரிசெய்த ஓட்டம் இந்த வண்டிக்கு. லோட்டஸ் 2017இல் கைமாறிப் போனது. ஆனால் இவன் வண்டியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன லோட்டஸ் ஸ்டிக்கரை இன்னமும் தினமும் துடைக்கிறான். போதாததற்கு, ஏற்கெனவே தாழ்ந்திருந்த வண்டியைக் குட்டை ஸ்பிரிங் போட்டு இன்னும் இறக்கியிருக்கிறான்.

போன சனிக்கிழமை ஃபோன் வந்தது.

"மாமா, காடிக்கு எண்ணெய் மாத்தணும். டிரைவ் ஷாஃப்ட் ரப்பரும் கிழிஞ்சிருக்கும்போல, கிரீஸ் தெறிக்குது. ஜெக்கே உள்ள நுழைய மாட்டேங்குது."

"எதுவும் செய்யாதே மாப்ள. நான் வரேன்."

"போமன்கிட்ட விட்டுடவா?"

அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது.

எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. எங்கள் காலத்தில் லயத்து வாசலில் எதுவும் போமனிடம் போகாது. சைக்கிள், மோட்டார், ரேடியோ, தையல் மெஷின் எல்லாம் அங்கேயே பிரியும், அங்கேயே சேரும். சில நேரம் சேராது.

என் முதல் கார் ஒரு டத்சன் 120ஒய். எனக்கு வரும்போதே அதற்கு வயதாகிவிட்டது. ஹேண்ட்பிரேக் கேபிள் அறுந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கியரில் போட்டால் வண்டி நிற்கும், அது போதும் என்று இருந்தேன். ஒருநாள் பின்சக்கரம் பஞ்சர். லயத்துக்கு முன்னால், லேசான சரிவு. முதல் கியரில் போட்டேன், கல் எதுவும் வைக்கவில்லை. ஜெக்கைச் சுற்றிச் சுற்றி ஏற்றினேன். டயர் தரையை விட்டதுதான் தாமதம், தூக்கிய சக்கரம் தன்பாட்டுக்குச் சுழல, வண்டி மெதுவாக, மிக மரியாதையாக, முன்னால் நகர்ந்து ஜெக்கை விட்டு இறங்கிவிட்டது. சக்கரத்தைக் கழற்றியிருக்கவில்லை. கை உள்ளே இல்லை. பிழைத்தேன்.

எஸ்டேட் பட்டறையில் இருந்த பெரியவர் சத்தம் கேட்டு வந்தார். திட்டவில்லை. குந்தி உட்கார்ந்து சொன்னார்: "கியரு ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துத்தான்டா பிடிக்கும். நீ ஒண்ணைத் தூக்கிட்டே. நடுவில இருக்கிற டிஃப்ரென்ஷல் என்ன செய்யும்? தூக்கினதைப் பின்னால சுத்த விட்டுட்டு, தரையில இருக்கிறதை முன்னால ஓட விட்டுடும்." பிறகு ஒரு துண்டு ஸ்லிப்பர் கட்டையை எடுத்து வந்து முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைதான். பட்டறையில் அந்தக் கட்டைகள் ஏழெட்டு கிடக்கும். லாரியின் அச்சுக்குக் கீழே இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிவிட்டுத்தான் அவர் உள்ளே நுழைவார். தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் இந்தானுக்கு ரயில் ஓடிய காலம் ஒன்று இருந்தது. கட்டை எங்கிருந்து வந்தது என்று எஸ்டேட்டில் யாரும் கேட்டதில்லை.

இந்தக் கதையை மருமகனிடம் சொன்னேன். சிரித்தான். "இது முன்சக்கர வண்டி மாமா" என்றான். அதனால் என்ன, முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் இங்கேயும் கியர் கைவிட்டுவிடும். ஹேண்ட்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. முன்பக்கத்தைத் தூக்கும்போது அது துணைக்கு இருக்கும். பின்பக்கத்தைத் தூக்கினாயோ, அது பிடித்திருக்கும் சக்கரமே ஆகாயத்தில் தொங்கும். எதைத் தூக்குகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் அண்டைக் கட்டை. முன்னும் பின்னும்.

அவன் வீடு தாமானில். போர்ச்சுக்குப் பளபளவென்று டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு அதில் பெருமை. கார் தூக்குகிறவனுக்கு அது எதிரி. முதலாவது, கேட் பக்கம் சாய்வு. மழைத் தண்ணீர் ஓட வேண்டுமே. இரண்டாவது, வழுக்கும். மூன்றாவது, டைல்ஸுக்கு அடியில் சிமெண்டு சரியாக நிரம்பாத இடத்தில், தூக்கிய வண்டியைத் தாங்க வைக்கும் ஸ்டேண்டின் ஒரு கால் உட்கார்ந்தால் டைல்ஸ் நொறுங்கி, கால் சரியும். அதனால் தடித்த பிளைவுட் துண்டுகள் கொண்டுபோயிருந்தேன். தார் போட்ட இடமென்றாலும் இதுதான். மத்தியான வெயிலில் தார் இளகி ஸ்டேண்டின் கால் இறங்கும். மண் தரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நம் ஊரில் எந்த நேரம் மழை வரும் என்று மலையைக் கேட்டால்தான் தெரியும்.

இப்போது ஜெக். அவன் 300 வெள்ளி கொடுத்துப் புதிதாக வாங்கிய டிராலி ஜெக், அதன் கிண்ணம் தரையிலிருந்து 14 செ.மீ. உயரம். வண்டியின் முன் பம்பர் உதடு அதற்கும் கீழே. தாழ்ந்த கார்களுக்கென்றே கிண்ணம் 8 செ.மீ. அளவுக்கு இறங்கும் ஜெக் தனியாக விற்கிறது. ஈப்போவில் ஒரு நண்பனிடம் இருந்ததை இரவல் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அதுவும் பம்பருக்கு அடியில் தலையைக் கொடுத்துவிட்டுப் பாதியிலேயே நின்றது.

அதற்குத்தான் பலகை. ஒன்றரை அங்குலக் கனம், டயரைவிடக் கொஞ்சம் அகலம், இரண்டு பலகை. முனையைச் சாய்வாகச் செதுக்கி, இரண்டு முன்சக்கரத்துக்கும் முன்னால் வைத்து, மெதுவாக ஏறி நிற்கச் சொன்னேன். கிடைத்தது நாலு செ.மீ. தான். ஜெக் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மருமகன் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தான்.

தாழ்ந்த காரில் உண்மையான தலைவலி இதற்குப் பிறகுதான். வண்டியின் ஓரத்தில், கதவுக்குக் கீழே, இரும்புத் தகடு மடிந்து கீழே தொங்கும் விளிம்பு ஒன்று உண்டு. முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒன்று, பின்சக்கரத்துக்கு முன்னால் ஒன்று என்று பக்கத்துக்கு இரண்டு இடத்தில் வெட்டுக்குறி இருக்கும். அங்கேதான் தூக்க வேண்டும் என்று காரோடு வரும் புத்தகம் சொல்லும். சரி, அங்கே ஜெக்கை வைத்துத் தூக்கிவிட்டோம். ஸ்டேண்டை எங்கே வைப்பது? அதற்கும் அதே இடம்தானே வேண்டும். இந்தச் சங்கடத்தில்தான் ஆட்கள் ஸ்டேண்டைக் கண்ட இடத்தில் செருகுகிறார்கள், அல்லது வைக்காமலே "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று உள்ளே போகிறார்கள். எண்ணெய்த் தொட்டியில் முட்டுக் கொடுத்தால் தொட்டி நசுங்கும். தரைத் தகட்டில் கொடுத்தால் உள்ளே காலுக்கடியில் மேடு தட்டும்.

வழி என்னவென்றால், தூக்குவது நடுவில், தாங்குவது ஓரத்தில். எஞ்சினுக்குக் கீழே குறுக்காக ஓடும் தடித்த இரும்பில், அந்தக் காரின் புத்தகம் காட்டும் இடத்தில், ஜெக்கைக் கொடுத்து இரண்டு முன்சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கி, ஓரத்து வெட்டுக்குறி இரண்டும் ஸ்டேண்டுக்கு விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஸ்டேண்டின் ஆகக் குறைந்த உயரமே 28 செ.மீ. தாழ்ந்த காரின் விளிம்போ அதில் பாதி உயரத்தில் இருக்கிறது. ஆகவே நிறையத் தூக்க வேண்டியிருந்தது. தூக்கும்போது இன்னொன்றையும் அவனுக்குக் காட்டினேன். ஜெக்கின் கை நேராக மேலே போகாது, கதவு கீலில் சுழல்வதுபோல வளைந்து போகும். அதனால் ஜெக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இரும்புச் சக்கரத்தில் உருண்டு வண்டிக்கடியில் போகும். போகட்டும். உருள விடாமல் ஏதாவது தடுத்தால் கிண்ணம் இடத்தை விட்டு நழுவும்.

விளிம்பு மடியாமலிருக்க ஸ்டேண்டின் தலையில் வைக்க, நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை கொண்டுபோயிருந்தேன், பழைய லாரி டயரில் அறுத்தது. பேராக்காரன் ரப்பரைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் விட முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 1877இல் கோலகங்சாரில் நட்ட கித்தாக் கன்றுகளில் ஒன்று மரமாக இன்னும் நிற்கிறது. என் அம்மா முப்பது வருஷம் கித்தா வெட்டினார். ஆனால் அந்தப் பாலில் செய்த ரப்பர் இந்த ஜெக்கின் வயிற்றுக்குள் இருக்காது. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறி உப்பிப் போகும். உள்ளே எண்ணெயை அடைத்துப் பிடித்திருக்கும் சீலுக்கு நைட்ரைல் மாதிரிச் செயற்கைச் சரக்குதான். ஒரு டன் வண்டியை அந்தரத்தில் பிடித்திருப்பது கடைசியில் அந்த மோதிர அளவு வளையம். அது தேய்ந்துபோனால் சத்தம் போடாமல் வண்டி இறங்கும். அதன் கீழே படுக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஸ்டேண்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற கருவிக் கடை, பல் சரியாகக் கொளுவாமல் வண்டி திடீரென்று இறங்கக்கூடும் என்று ஏறத்தாழ 1.7 மில்லியன் ஸ்டேண்டுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பதிலாகக் கொடுத்தவற்றிலும் சிலவற்றில் வெல்டிங் சரியில்லை என்று அதே வருஷம் மறுபடியும் அறிவித்தது. மருமகனிடம் இதைச் சொன்னபோது முகம் வெளுத்தது. அதனால்தான் நான் ஊசி செருகும் ரகம் வைத்திருக்கிறேன். துளைக்குள் ஊசி போயிற்றா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். செங்கல், சிமெண்டுக் கல் இரண்டையும் மட்டும் தொடாதீர்கள். மரக்கட்டை நசுங்கும் முன்னால் முனகும். கல் சொல்லாமல் உடையும்.

வண்டி ஸ்டேண்டில் உட்கார்ந்ததும் இடுப்பால் இடித்துப் பார்க்கச் சொன்னேன். இடித்தான். அசையவில்லை. "இன்னும் நல்லா." இடித்தான். விழுவதானால் இப்போது விழட்டும், நாம் வெளியே இருக்கும்போது. ஜெக்கை எடுத்துவிடாமல், லேசாகத் தொடுகிற அளவில் அப்படியே விட்டேன். கழற்றிய சக்கரங்களை இரண்டு பக்கமும் விளிம்புக்கு அடியில் படுக்க வைத்தோம். எல்லாம் கைவிட்டாலும் ஒரு சக்கரக் கனம் மூச்சுவிட இடம் இருக்குமே.

நான் கவனித்த ஒன்று உண்டு. உயரமான வண்டியில் ஜெக் போடுவது ஒரு வேலையே இல்லை, ஆகவே ஸ்டேண்டு வைக்கப் பொறுமை மிச்சம் இருக்கும். தாழ்ந்த காரில் ஜெக்கை உள்ளே நுழைப்பதற்கே முக்கால் மணி நேரம், முதுகுவலி, நாலைந்து கெட்ட வார்த்தை. வண்டி மேலே எழுந்ததும் 'அப்பாடா, முடிந்தது' என்று மனசு சொல்லிவிடுகிறது. ஒன்றுமே முடியவில்லை, அப்போதுதான் ஆரம்பம். மருமகனும் வண்டி எழுந்ததும் எண்ணெய்த் தட்டை எடுத்துக்கொண்டு குனியப் பார்த்தான். பனியனைப் பிடித்து இழுத்தேன்.

"சிபாங்ல ஃபார்முலா ஒன்காரன் ஒரு செகண்டுல தூக்கிடுவான் மாமா."

"தூக்குவான். 1999லேர்ந்து 2017 வரைக்கும் அங்க தூக்கினான். எவனாவது அடியில படுத்துப் பார்த்திருக்கியா?"

எண்ணெய் தார் மாதிரி வந்தது. டிரைவ் ஷாஃப்ட் ரப்பரில் விரல் நுழையும் கிழிசல். அது வேறு வேலை, வேறு நாள். சக்கரங்களை மாட்டி, நட்டுகளைக் கையால் இறுக்கி (முழு இறுக்கம் டயர் தரையில் பட்ட பிறகுதான்), ஜெக்கைக் கொஞ்சம் ஏற்றி ஸ்டேண்டுகளை உருவினோம். நான்தான் இறக்கினேன், வால்வை மயிரிழை திருப்பி, ஒரு அங்குலம், இன்னொரு அங்குலம். இந்த நிதானத்தை அவன் பார்க்க வேண்டுமே. டயர் தரையைத் தொட்டது. கூடவே பம்பர் உதடு ஜெக்கின் முதுகில் 'கிர்ர்' என்று உட்கார்ந்தது.

பலகைகளைக் காணோம்.

"அது உங்களோடதா?" என்றாள் அக்கா, காபித் தட்டோடு வாசலில் நின்றபடி. "தூறல் விழுதே, நனையுமேன்னு நான்தான் எடுத்துப் பின்னாடி சாத்தி வெச்சேன்."

மருமகன் என்னைப் பார்த்தான். ஜெக்கின் கைப்பிடி பம்பருக்கடியில் இரண்டு அங்குலம்தான் அசைந்தது. அந்த இரண்டு அங்குலத்திலேயே அடித்து அடித்து வண்டி மறுபடி எழும்பி, பலகை திரும்பி வருவதற்குள் காபி ஆறிவிட்டது.