எங்க பாப்பா மாலை போட்டிருக்கா!

தலைப்பைப் பார்த்துட்டு உடனே சாமி சரணம் சொல்லிடாதீங்க மக்களே. பாப்பாவுக்கு மூணு வயசு. பால், முட்டை, மல்லாட்டை, எள் நாலும் அவளுக்கு ஆகாது. ஆகாதுன்னா வயித்துப் பொருமல்னு நினைச்சுக்காதீங்க. உடம்பு பூரா தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம், முத்திப்போனா மூச்சுத்திணறல். (வெளியூர்க்காரங்களுக்கு: மல்லாட்டைன்னா வேர்க்கடலை. மணிலாக்கொட்டைங்கறது எங்க பக்கம் தேய்ஞ்சு இப்படி ஆயிடுச்சு.)

சொந்த ஊர் விழுப்புரம் பக்கத்துல திருவாமாத்தூர். கொம்பில்லாத பசுக்கள் இங்கே வந்து சிவனைக் கும்பிட்டுக் கொம்பு வாங்கிக்கிச்சுன்னு தலபுராணம் சொல்லுது. ஊர்ப் பேர்லயே 'ஆ' இருக்கு. அந்த ஊர்ப் பேத்திக்குப் பால் ஆகலை! அந்தப் பக்கம் திண்டிவனத்துல எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம். டி.எம்.வி.னு ஆரம்பிக்கிற மல்லாட்டை ரகம், எள்ளு ரகம் எல்லாம் திண்டிவனத்தோட பேரைத்தான் சுமக்குது. ஆக, எங்க மண்ணுல கறக்கறது, விளையறது எல்லாமே பாப்பாவுக்கு ஆகாத கூட்டணி. :-)

சமையல் பழகிடுச்சு. இட்லி, பருப்பு, காய்கறி, மீன்னு அவளுக்குச் சாப்பிட நிறைய இருக்கு. பழகாதது ஒரே ஒரு வார்த்தைதான்: "கொஞ்சூண்டுதானே!"

கல்யாண வீட்டுல ஒரு ஸ்பூன் பாயசம். பக்கத்து வீட்டுல ஒரு எள்ளுருண்டை. எல்லாம் பாசத்துல குடுக்கறதுதான், யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனா அலர்ஜிக்குக் கொஞ்சூண்டுங்கற கணக்கு புரியாது. போன தடவை லேசா தடிச்சுதேன்னு இந்தத் தடவையும் லேசாத்தான் வரும்னு எந்த டாக்டரும் எழுதிக் குடுக்க மாட்டார்.

இப்ப தலைப்புக்கு வரேன். கார்த்திகை மாசம் மாலை போட்டவர்கிட்ட யாராவது "கொஞ்சூண்டு மீன் குழம்புதானே சாமி"ன்னு சொல்லிப் பார்த்திருக்கீங்களா? அவருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. கவுச்சி பட்ட கையால தொட மாட்டோம். ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் விளக்கம் கேக்கறதில்லை. நோன்பு இருக்கற பாய் வீட்டுப் பசங்களுக்கும் அதே மரியாதை. சத்துணவுல முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் குடுக்கற பழக்கம்கூட இருக்கு. அதாவது அடுத்தவன் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை எப்படிக் காப்பாத்தறதுன்னு நமக்கு நல்லாவே தெரியும். சாமிக்குப் பண்றதை ஒரு குழந்தையோட உடம்புக்கும் பண்ணுங்கன்னுதான் கேக்கறேன். அதனால இப்பல்லாம் "அலர்ஜி"ன்னு பாடம் எடுக்கறதை விட்டுட்டு, "பாப்பா மாலை போட்டிருக்கா, வருஷம் முழுக்க"ன்னு சொல்லிடறேன். சிரிக்கறாங்க, ஆனா கரண்டியை மாத்திடறாங்க!

"அந்தக் காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?"ன்னு ஒரு கேள்வி வரும். அலர்ஜிங்கற வார்த்தையையே வியன்னா டாக்டர் பிர்கே 1906லதான் உருவாக்கினார். பேர் வைக்கறதுக்கு முன்னாடி நோயே இல்லைன்னு சொல்ல முடியுமா?

எங்க ஆயாவோட கட்சி இன்னும் கெட்டி: "சின்னதுலயே குடுத்துப் பழக்கினா சரியாயிடும்." ஆயா சொல்றது பாதி சரி. 2015ல லண்டன்ல 640 கைக்குழந்தைகளை வச்சுப் பண்ணின லீப் ஆராய்ச்சி வெளிவந்துச்சு. அலர்ஜி வர வாய்ப்பு அதிகம் இருந்த குழந்தைகளுக்கு ஒரு வயசுக்கு முன்னாடியே கடலை உணவு குடுத்ததுல, பின்னால கடலை அலர்ஜி வர்றது பெரிய அளவுல குறைஞ்சுது. ஆனா அது வராம தடுக்கற வழி. தோல் சோதனையில ஏற்கெனவே பலமா காட்டின குழந்தைகளை அந்த ஆராய்ச்சியிலயே சேர்க்கலை. வந்த பிறகு வீட்டுல நாமளே ஊட்டிப் பழக்கறது விஷப்பரீட்சை.

அடுத்து பாக்கெட். பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்க நம்ம ஜனங்க நல்லா பழகியாச்சு. ஆனா பாலுக்கும் பச்சைப் புள்ளிதான், மல்லாட்டைக்கும் பச்சைப் புள்ளிதான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2020 விதிப்படி பால், முட்டை, கடலை, சோயான்னு சில பொருட்கள் இருந்தா அதைத் தனியா எழுதணும். எழுதறாங்க, பொடி எழுத்துல, பெரும்பாலும் இங்கிலீஷ்ல. பேத்திக்கு பிஸ்கட் வாங்கற ஆயா அதை எப்படிப் படிப்பாங்க? அந்த 2020 பட்டியல்ல எள்ளும் கிடையாது. நல்லெண்ணெய் ஊத்தாம ஒரு நாள் ஓடாத தமிழ்நாட்டுக்கு இது பெரிய ஓட்டை. அமெரிக்காவுல 2021ல சட்டம் போட்டு, 2023 ஜனவரியில இருந்து எள்ளையும் கட்டாயமாக்கிட்டாங்க. பச்சைப் புள்ளிக்கு இடம் இருக்கற அட்டையில தமிழ்ல ரெண்டு வார்த்தைக்கு இடம் இருக்காதா?

செக்கு எண்ணெய் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை: நல்ல எண்ணெய்தான், ஆனா சுத்திகரிக்காததால அதுல கடலை, எள்ளோட புரதம் மிஞ்சியிருக்கும். விருந்துக்குக் கூப்பிட்டா எந்த எண்ணெய்னு கேட்பேன், கோவிச்சுக்காதீங்க.

கடைசியா முக்கியமானது. மூச்சு வாங்கினாலோ, துவண்டு விழுந்தாலோ செட்ரிசின் சிரப் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அப்ப உயிரைக் காப்பாத்தற மருந்து அட்ரினலின் ஊசி, தொடையில போடறது. ரொம்பப் பழைய மருந்து, அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே இருக்கு. உங்க வீட்டுலயும் இப்படிக் குழந்தை இருந்தா, பக்கத்து ஆஸ்பத்திரியில ராத்திரி ரெண்டு மணிக்கும் அது கிடைக்குமான்னு இன்னைக்கே விசாரிச்சு வைங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், டாக்டர் இல்லை. வைத்தியத்துக்கு டாக்டரைப் பாருங்க. என்கிட்ட கேட்டா எள்ளு இல்லாத இட்லிப் பொடி பக்குவம் மட்டும் சொல்லுவேன். :))