பெயர் வைக்க என்ன அவசரம்?

போன வாரம் நெமிலியில் எங்கள் வீட்டு முருங்கைக் கிளையில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. நீண்ட உடம்பு, முகத்தில் மீசை, கால்களுக்கிடையே ஒரு தேனீ. பறக்கும் பூச்சியைப் பறந்தே பிடித்து, ஊசி வாயால் குத்தி எச்சிலைச் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கும் ஜாதி. வெள்ளைக்காரன் இதற்குக் கொள்ளைக்கார ஈ என்று பெயர் வைத்தான்.

பேரன் செல்போனில் ஒரு படம் எடுத்தான். ஐந்து விநாடியில், "இனத்தோட பேரே வந்துடுச்சு தாத்தா" என்றான். வாட்ஸ்அப்பில் போட்டான். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கு ஒப்பவில்லை.

இந்தக் குடும்பத்தில் உலகெங்கும் 7,000 இனங்களுக்கு மேல் உண்டு. பல இனங்கள் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மீசையின் நிறம், கால் முட்கள், இறக்கை நரம்பு, ஆண் ஈயின் வால்நுனி உறுப்பு எல்லாவற்றையும் உருப்பெருக்கியில் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். ஒரு படத்தில் இதெல்லாம் தெரியுமா? அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். தப்பான குறிப்பு ஒன்று ஃபைலில் ஏறிவிட்டால், பத்துப் பேர் நகலெடுத்த பிறகு அதுவே உண்மையாகிவிடும்.

"அந்தக் காலத்தில் மட்டும் ஒழுங்கா?" என்பீர்கள். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மக்கார் என்ற பிரெஞ்சுக்காரர் அயல்நாட்டு ஈக்களைப் பற்றி 1838 முதல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'புதியவை அல்லது அதிகம் அறியப்படாதவை' என்று இருக்கும். அவர் வர்ணனை பல இடங்களில் சில வரிகள்தான். ஆனாலும் அவர் பார்த்த ஈக்கள் பல பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். செல்போன் சொன்ன பெயருக்கு எதை எடுத்துப் பார்ப்பது?

எங்கள் காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்தில் பூச்சி பிடித்து வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியவர் பி. சூசைநாதன். அவர் பூச்சியோடு ஊர், மாதம், ஆண்டு எழுதிய சீட்டும் போகும். பெயர் வைத்தவர்கள் மற்றவர்கள். ஆனால் அந்தச் சீட்டை நம்பித்தான் வைத்தார்கள். நன்றியாகப் பல பூச்சிகளுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

நம் நெமிலி வட ஆற்காட்டில் இருந்தது, வேலூரில் இருந்தது, 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டம் மாறினாலும் ஊர்ப்பெயர் எழுதிய சீட்டு செல்லும்.

பேரனிடம் அந்தப் பெயரை அழிக்கச் சொன்னேன். "கொள்ளைக்கார ஈ, இனம் தெரியவில்லை. நெமிலி, முருங்கை மரம், பிடித்திருந்தது தேனீ" என்று தேதி போட்டு எழுத வைத்தேன். முகம் சுளித்தான். சுளிக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால்தான், நாளைக்குத் தெரிந்தவன் வந்து நிரப்ப இடம் இருக்கும்.