கோடைப் பயணத்தில் கல்லறைகளுக்கும் ஒரு நாள்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஐரோப்பாவுக்கு வரும் எம்மவரின் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பாரிஸில் ஈபிள் கோபுரம், பிள்ளைகளுக்காக டிஸ்னிலாண்ட், மாலையில் லாச்சப்பலில் தமிழ்க் கடைகள். அங்கிருந்து சுவிற்சர்லாந்துக்குப் போய் ஒரு பனிமலை, ஷாஃப்ஹவுசனில் ரைன் நதியின் நீர்வீழ்ச்சி. ஜேர்மனியில் உறவினர் இருந்தால் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் ஆலயம். நானும் இவற்றையெல்லாம் பார்த்து மகிழ்ந்தவன்தான். பார்க்க வேண்டாம் என்று எவருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பட்டியலில் ஒரேயொரு நாளை வேறு ஒரு பயணத்துக்காக ஒதுக்கி வைக்கும்படி கேட்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

பாரிஸிலிருந்து வடக்கே கார் மூலம் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் அராஸ் நகரை அடையலாம். வழியெங்கும் கோதுமையும் கிழங்கும் விளையும் வயல்கள். அந்த வயல்களுக்கு நடுவே திடீர் திடீரென வெண்ணிறக் கற்கள் வரிசையாக நிற்கும். முதலாம் உலகப் போரின் மேற்குப் போர்முனை 1914 முதல் 1918 வரை இந்த மண்ணின் ஊடாகவே சென்றது. அராஸுக்கு வடக்கே நோட்ர டாம் டு லொரெட் என்ற குன்று இருக்கிறது. பிரான்ஸின் மிகப் பெரிய இராணுவ மயானம் அதன் உச்சியில் உள்ளது. 40,000 பேருக்கு மேல் அங்கே உறங்குகின்றனர். அதன் எதிரே 2014 நவம்பர் 11ஆம் திகதி ஒரு நினைவு வளையம் திறந்து வைக்கப்பட்டது. நான் பார்க்கச் சொல்வது முதலில் அதைத்தான்.

அது ஒரு நீள்வட்டச் சுவர். அதன் உட்புறத்தில் உலோகத் தகடுகளில் 579,606 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தப் பிரதேசத்தில் அந்த நான்கு ஆண்டுகளில் மடிந்தவர்களின் பெயர்கள் அவை. பிரெஞ்சுக்காரர், ஜேர்மனியர், பிரித்தானியர், அவர்களது குடியேற்ற நாடுகளிலிருந்து கொண்டு வரப்பட்டவர்கள் என எல்லோரும் அங்கே இருக்கின்றனர். நாடு குறிப்பிடப்படவில்லை. பதவி குறிப்பிடப்படவில்லை. மதம் குறிப்பிடப்படவில்லை. அகர வரிசை ஒன்று மட்டுமே. ஷ்மிட் என்ற ஜேர்மன் குடும்பப் பெயரைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் ஸ்மித் என்ற ஆங்கிலப் பெயர் வருகிறது. ஒருவரையொருவர் சுட்டுக் கொன்றவர்கள் ஒரே தகட்டில் அடுத்தடுத்து நிற்கக்கூடும். யார் யாரைக் கொன்றார் என்ற கேள்விக்கு அந்தச் சுவரில் இடமில்லை. குன்று சரியும் பக்கத்தில் வளையத்தின் ஒரு பகுதி நிலத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. சமாதானம் எந்நேரமும் முறியக்கூடியது என்பதைக் காட்டவே கட்டடக் கலைஞர் அவ்வாறு அமைத்தார் என்கிறார்கள்.

அங்கிருந்து அதிக தூரமில்லாத நெவ் ஷாப்பலில் இந்தியப் படையினருக்கான நினைவிடம் உண்டு. 1927இல் திறக்கப்பட்ட அதில் கல்லறை அறியப்படாத 4,700க்கு மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. தமக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு போரில், கண்டறியாத குளிரில், எம் உபகண்டத்து இளைஞர்கள் செத்திருக்கின்றனர். லாச்சப்பலில் பொருள் வாங்க வரும் எம்மவர்களில் எத்தனை பேர் இந்த இடத்தைக் கண்டிருப்பார்கள்?

அங்கிருந்து பெல்ஜியத்துக்குள் போகும்போது எல்லை என்று ஒன்றும் தெரிவதில்லை. பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரங்களுக்கு நடுவே நாட்டின் பெயர் எழுதிய நீலப் பலகை ஒன்று மட்டும் கடந்து போகும். 1985 ஜூன் 14ஆம் திகதி லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரில் ஐந்து நாடுகள் ஒப்பமிட்டதன் பயன் அது. இன்று அந்த ஏற்பாட்டில் 29 நாடுகள் இருக்கின்றன. எண்பதுகளில் இதே எல்லைகளை இரவில், காட்டு வழியாக, முகவரை நம்பிக் கடந்த எங்கள் இளைஞர்களின் கதை வேறு. அண்மைய ஆண்டுகளில் ஜேர்மனியும் பிரான்ஸும் எல்லைச் சோதனைகளை மீண்டும் கொண்டு வந்திருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரு காலத்தில் ஒரு மைல் முன்னேறுவதற்குப் பல்லாயிரம் உயிர்களைக் கொடுத்த மண்ணில், இன்று எங்கே ஒரு நாடு முடிந்து மறு நாடு தொடங்குகிறது என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலுள்ள மெனின் வாயிலில் ஒவ்வொரு நாள் மாலையும் எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தி, ஊதுகுழலில் இறுதி வணக்கம் இசைக்கிறார்கள். 1928 முதல் நடைபெறும் இந்த நிகழ்வு, இரண்டாம் உலகப் போரில் நகரம் ஜேர்மனியர் வசமிருந்த காலத்தில் மட்டுமே அங்கு தடைப்பட்டது. இங்கிலாந்துப் பாடசாலைகள் மாணவர்களை இங்கே அழைத்து வருவது வழக்கம். இலண்டனில் வளரும் எங்கள் பிள்ளைகள் பலர் பாடசாலைச் சுற்றுலாவில் இதைப் பார்த்து விட்டார்கள். பெற்றோர்தான் பார்க்கவில்லை.

மெனின் வாயில் வென்றவர்களின் நினைவிடம். வென்றவர் தம்மவரை நினைவுகூர்வதில் வியப்பில்லை. அதனால் ஈப்பருக்கு வருபவர்கள் இன்னும் சிறிது தூரம் சென்று லாங்கமார்க்கைப் பார்க்க வேண்டும். அது ஜேர்மனியப் படையினரின் மயானம். ஓக் மரங்களின் நிழலில் 44,000க்கு மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கின்றனர். பெல்ஜியத்தை ஜேர்மனி 1914இல் ஆக்கிரமித்தது. 1940இல் மீண்டும் ஆக்கிரமித்தது. நாஜிகள் லாங்கமார்க்கில் மடிந்த இளைஞரின் பெயரைச் சொல்லியே அடுத்த தலைமுறையைப் போருக்குத் தயார் செய்தனர். 1940இல் ஹிட்லரே இந்த மயானத்துக்கு வந்து போனார். இவ்வளவுக்கும் பின்னர், போர் முடிந்து அதிகாரம் தம் கையில் வந்தபோது, பெல்ஜியர்கள் இந்த மயானத்தை உழுது விடவில்லை. 1954இல் ஜேர்மனியுடன் உடன்பாடு செய்து, நாடெங்கும் சிதறிக் கிடந்த கல்லறைகள் பலவற்றை ஒருசில மயானங்களில் ஒன்று சேர்க்க இடமளித்தனர்.

அவற்றில் மற்றொன்று விளாட்ஸ்லோ. அங்கே தந்தையும் தாயும் முழந்தாளிட்டிருக்கும் இரண்டு கற்சிலைகள் உள்ளன. வடித்தவர் கேத்தே கொல்விட்ஸ் என்ற ஜேர்மனியப் பெண் கலைஞர். அவரது இளைய மகன் பீற்றர் 1914 ஒக்டோபரில் பெல்ஜியத்தில் இறந்தான். வயது 18. அந்தச் சிலைகள் 1932இல்தான் மகனின் கல்லறையருகே வைக்கப்பட்டன. முகங்கள் தாயினதும் தந்தையினதும் முகங்களே. தந்தை நிமிர்ந்து, இரு கைகளாலும் தன்னையே இறுகப் பற்றியிருக்கிறார். தாய் தலை குனிந்திருக்கிறாள். அந்தத் தாயின் பேரன், அவன் பெயரும் பீற்றர்தான், 1942இல் ரஷ்யப் போர்முனையில் மாண்டான். ஆக்கிரமிக்க வந்த படையைச் சேர்ந்தவனின் தாய்க்கு, ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில், மண்டியிட ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

ஐரோப்பியர் எம்மைவிட நல்லவர்கள் என்பதால் இது நடந்தது என்று நான் கருதவில்லை. பிரான்ஸின் வேர்டனில், டூமோன் எலும்பு மண்டபத்தில், அடையாளம் காணப்படாத 130,000 பிரெஞ்சு, ஜேர்மனியப் படையினரின் எலும்புகள் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறிய எவராலும் முடியவில்லை. அதனால் அவை ஒன்றாக வைக்கப்பட்டன. அந்த மண்டபம் திறக்கப்பட்டு ஏழே ஆண்டுகளில் அடுத்த பெரும் போர் மூண்டது. 1984 செப்டெம்பர் 22ஆம் திகதிதான் பிரெஞ்சு ஜனாதிபதி மித்திரோனும் ஜேர்மனிய அதிபர் கோலும் அதே இடத்தில் கை கோத்து நின்றனர். கோலின் தந்தை வேர்டனில் போரிட்டவர். மித்திரோன் 1940இல் வேர்டன் அருகே காயமுற்று ஜேர்மனியரிடம் சிறைப்பட்டவர். அந்தப் படம் உலகெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்த ஆண்டில் எங்கள் போருக்கு வயது ஒன்று.

எங்கள் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதன் பின்னர் வடக்கு கிழக்கிலிருந்த மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் துயிலும் இல்லம் இருந்த நிலத்தின் மேல் இராணுவத் தலைமையகம் கட்டப்பட்டது. 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இரவோடிரவாக உடைக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததால் மீண்டும் கட்டப்பட்டது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வீதியில் அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரில் பலர் விடை கிடைக்காமலே இறந்து விட்டனர். கொல்விட்ஸுக்குக் கிடைத்தது போல முழந்தாளிட ஒரு துண்டு நிலமும் அவர்களுக்கு இருக்கவில்லை. அரசுக்கு எதிராக 1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் ஆயுதம் ஏந்திய ஜே.வி.பி., தன் இறந்தவர்களை ஒவ்வொரு நவம்பரிலும் கொழும்பில் பகிரங்கமாக நினைவுகூர்கிறது. அக்கட்சியின் தலைவர் 2024 செப்டெம்பரில் நாட்டின் ஜனாதிபதியாகவும் ஆனார். தெற்கின் கிளர்ச்சியாளருக்கு அஞ்சலி செலுத்தலாம் என்றால், வடக்கின் தாய் தன் பிள்ளைக்கு விளக்கேற்றுவதை ஏன் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டும்? இக்கேள்வியைக் கொழும்பிடம் கேட்பதற்கு எமக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் லொரெட் குன்றில் அந்தப் பெயர்களின் முன்னால் நின்றபோது, கொழும்பிடம் கேட்க வேண்டிய கேள்வியோடு எம்மிடமே கேட்க வேண்டிய ஒன்றும் எனக்குத் தோன்றியது. இலங்கையில் 1983 முதல் 2009 வரை மடிந்த எல்லோருக்கும் அகர வரிசையில் ஒரு சுவர் எழுப்பினால், அதில் யார் யார் பெயரை நாம் ஏற்றுக்கொள்வோம்? 1983 ஜூலையில் எரிக்கப்பட்டவர்களும் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களும் சந்தேகமின்றி இருப்பார்கள். 1985இல் அநுராதபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட சிங்கள யாத்திரிகர்களுக்கு இடம் கொடுப்போமா? 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களுக்கு? 1986இல் எங்கள் தெருக்களிலேயே, தமிழ் இயக்கம் ஒன்றினால் கொல்லப்பட்ட இன்னொரு தமிழ் இயக்கத்துப் பிள்ளைகளுக்கு? வறுமையால் படையில் சேர்ந்து வன்னியில் செத்த தென்னிலங்கைக் கிராமத்துப் பையனுக்கு?

இந்தக் கேள்விக்குச் சிங்களவரும் முஸ்லிம்களும் விடை சொல்லட்டும், பிறகு நாம் சொல்வோம் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பலமுள்ளவன் முதலில் செய்யவேண்டும் என்பது நியாயமே. துயிலும் இல்லங்களின் நிலத்தைத் திருப்பித் தரவேண்டியது அரசின் கடமையே. அதற்காக எங்கள் நெஞ்சில் யாருக்கு இடம் என்பதை அரசு தீர்மானிக்கும் வரை நாம் ஒத்திவைக்க வேண்டியதில்லை. லாங்கமார்க் இன்னொரு எச்சரிக்கையையும் தருகிறது. தன் பிள்ளைகளை மட்டும் நினைத்து, அவர்களின் சாவை அடுத்த போருக்கு அழைப்பாக மாற்றிய சமூகம், அடுத்த தலைமுறைப் பிள்ளைகளையும் அதே மண்ணுக்குக் கொடுத்தது.

பாரிஸிலும் இலண்டனிலும் பிறந்த எங்கள் பிள்ளைகள் ஊரில் நடந்ததைப் பற்றிக் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தடுமாறும் பெற்றோருக்கு இந்த ஒருநாள் பயணம் உதவும். காலையில் லொரெட், மதியம் லாங்கமார்க், மாலை எட்டு மணிக்கு மெனின் வாயில் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் முடித்து விடலாம். இவ்விடங்களைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கிடையாது. பிள்ளைகளை அந்தப் பெயர்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பின்னர் வீடு திரும்பும் வழியில், ஊரில் இறந்தவர்களின் பெயர்களை, எல்லாத் தரப்பிலும் உங்களுக்குத் தெரிந்த பெயர்களை, அவர்களுக்குச் சொல்லுங்கள்.