இரண்டே வரியில் விலாசம்!

அன்புக் குட்டீஸ்,

ஆடலூர் மலையில், விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் நின்று, இருட்டியதும் வானத்தைப் பாருங்கள். மின்னாமல் நகரும் புள்ளி தெரிகிறதா? செயற்கைக்கோளாக இருக்கலாம். (விமானம் என்றால் விளக்கு விட்டு விட்டு எரியும்!)

அதன் பாதை எவ்வளவு சாய்வு, எவ்வளவு நீள்வட்டம், நாளுக்கு எத்தனை சுற்று, எந்த நொடியில் எங்கே இருந்தது... எல்லாமே இரண்டு வரி எண்களில் அடக்கம். கணினியில் கொடுத்தால், அடுத்து எப்போது, எந்தத் திசையில் வரும் என்று சொல்லிவிடும்.

ஆனால், பழைய எண்கள் ஏமாற்றிவிடும்! அங்கேயும் மெல்லிய காற்று உரசுகிறது. கோள் கீழிறங்கும், சுற்றும் நேரம் குறையும், சொன்ன நேரத்துக்கு முன்பே கடந்துவிடும். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ 'அனுசாட்' 2009 ஏப்ரல் 20-ல் விண்ணுக்குப் போனது. இப்படியே இறங்கி இறங்கி, 2012 ஏப்ரலில் காற்று மண்டலத்தில் விழுந்தது.

ஆகவே, வானம் பார்க்கக் கிளம்பும் அன்று புது எண்களையே எடுங்கள். கம்பளியையும் மறக்காதீர்கள், மலையில் குளிரும்!

அன்புடன்,
ஆசிரியர்