சுட்டும் ஏவலும்

இஞ்ஞான்று உலகின் செய்திப் போக்குவரவு பெரும்பாலும் சர்வர் எனப்படும் வழங்கிக் கணினிகளைச் சார்ந்து நடைபெறுகின்றது. அவற்றுள் மிகப் பல, மூலநிரலை யாவரும் கண்டு திருத்தி வழங்கத்தகும் திறமூல மென்பொருள்களால் இயங்குவன. 1991-ஆம் ஆண்டிற் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அவற்றுள் தலையாயது. இவ்வழங்கிகளை நிருவகிக்கும் நெறி இரண்டு. திரையிற் சாளரங்களும் பொத்தான்களும் தோன்ற, வேண்டியதைச் சுட்டி அழுத்துவது ஒன்று. இது வரைகலை இடைமுகம். வேண்டியதைச் சொல்லால் எழுதி ஏவுவது மற்றொன்று, இது கட்டளைவரி. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. தமிழ் பயில்வோர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் உளராயின், இவ்வழக்கு உண்மையில் மொழியைப் பற்றியதே என்பது எம் விடை.

சாளர நெறியை மேற்கொள்வோர் கூறுவன எளிதில் தள்ளத்தக்கன அல்ல. புதிதாய் வருவோன் எவ்வெக் கட்டளைகள் உள என்பதை அறியான்; சாளரமோ தன்பால் உள்ளனவற்றை அவன் கண்முன் பரப்பிவைக்கின்றது. வட்டில் எத்துணை இடம் எஞ்சியுள்ளது, எந்நேரத்திற் பளு மிகுந்தது என்பவற்றை ஒரு வரைபடம் நொடியில் உணர்த்தும். எண்களின் நிரல் அங்ஙனம் உணர்த்தாது. 1997-இல் வெளிவந்த வெப்மின், அதன்பின் வந்த காக்பிட் முதலியன உலாவியின் வழியாகவே வழங்கியை ஆளும் வாய்ப்பை நல்கின. இவற்றினும் வலியதொரு நியாயமும் உண்டு. சாளரத்தின் சொற்களைத் தமிழிற் பெயர்த்தமைத்தல் கூடும். கட்டளைகளோ ஆங்கிலச் சொற்களின் குறைத்துண்டங்கள். அவை தாய்மொழியன்றி வேறறியா மாணவனை வாயிலிலேயே தடுத்துவிடும் என்பர்.

இறுதியிற் கூறியதை முதற்கண் ஆராய்வோம். ஆங்கிலம் அறிந்தார்க்குக் கட்டளைகள் சிறிது எளியன என்பது மெய்யே. எனினும், கோப்புகளிற் சொற்களைத் தேடும் ‘கிரெப்’ என்னும் கட்டளையைக் கேட்ட அளவில் அதன் பொருளை உணரும் ஆங்கிலேயர் எவர்? ‘எட்’ என்னும் பழைய தொகுப்பியின் கட்டளை வடிவொன்றிலிருந்து பிறந்த குறியீடு அது. அவரும் அதனைக் கற்றே அறிதல் வேண்டும். இலக்கணம் பயில்வோர் ஆகுபெயர், அன்மொழித்தொகை முதலிய குறியீடுகளைக் கற்றுக்கொள்ளவில்லையா? நாட்பணிக்கு வேண்டிய கட்டளைகள் சில பத்தே. அவற்றைத் தமிழில் விளக்கும் நல்லுரைகள் இல்லாமையே குறை. அக்குறையைத் தீர்க்கும் கடமை எம்மனோர்க்கு உரியது.

இனி எம் கருத்தின் உயிர்நிலைக்கு வருவோம். சுட்டு என்பது சுட்டுவோனும் சுட்டப்படுபொருளும் முன்னிற்கும் வரையே விளங்குவது. ‘அது’, ‘இது’ என்னும் சொற்கள் மட்டும் எழுதிய ஓலை ஒன்று கிடைப்பின், அதனால் யாது பயன்? ஏவலோ தன் பொருளைத் தன்னகத்தே கொண்டது; ஏவியோன் அகன்ற பின்னும் ஏட்டில் நிற்பது. இவ்வேற்றுமையை யாம் பட்டறிந்தோம். யாம் சார்ந்துள்ள ஒரு மன்றத்தின் பழைய மலர்களைப் படியெடுத்து, ஒரு வழங்கியிற் சேர்த்துவைத்திருந்தோம். அதனை அமைத்தவர் எமக்கு மூத்த மாணவர் ஒருவர், வல்லவர், எல்லாவற்றையுஞ் சாளரத்தின் வழியே செய்தவர். அவர் படிப்பு முடிந்து சென்றபின் வட்டுப் பழுதுற்றது. மலர்களின் படிகள் வேறோரிடத்துப் பாதுகாப்பாய் இருந்தன. ஆயின், எக்கட்டங்களில் அவர் குறியிட்டார், எவ்வாயில்களைத் திறந்தார் என்பதை அறிந்தார் ஒருவரும் இலர். தொலைபேசியில் அவரை வினவியபோது, “இடப்பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்குமே, தம்பி, அதன் கீழ் அதனை அழுத்துக” என்றார். புதிய பதிப்பில் அப்பட்டியலே இல்லை. பதினொரு நாள் அல்லற்பட்டோம். பின்னர் அமைத்தபோது, ஒவ்வொரு கட்டளையையும் ஒரே கோப்பில் எழுதி, நூற்பாவுக்கு உரை வரைவதுபோல அதனதன் காரணத்தையும் கீழே குறித்தோம். அடுத்த திங்கள் அக்கோப்பை வேறொரு கணினியில் இட்டுச் சோதித்தோம். ஒரு மணிப்பொழுதிற்குள் அனைத்தும் எழுந்து நின்றன.

ஒரு கணினிக்கே இஃது இங்ஙனமாயின், நூறு கணினிகளுக்கு எங்ஙனமாகும்? நூறு முறை அழுத்தும் கை ஒருமுறையேனும் தவறும். எழுதிய கட்டளையை எஸ்.எஸ்.எச். என்னும் காப்பான வழியிற் சேய்மையிலுள்ள நூறு கணினிகளுக்கும் பிறழாது செலுத்தலாம். யார், என்று, எதனை மாற்றினார் என்பதை, 2005-இல் டோர்வால்ட்ஸ் இயற்றிய கிட் என்னும் கருவியிற் பதிந்தும் வைக்கலாம்.

நிற்க. கட்டளைவரி குற்றமற்றது என யாம் கூறவில்லை. 2017-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள், கிட்லேப் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர், ஒரு கணினியில் இடக் கருதிய அழிப்புக் கட்டளையை முதன்மைத் தரவுத்தளக் கணினியில் இட்டுவிட்டார். பிழை உணர்ந்து நிறுத்துமுன், ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 அளவே எஞ்சியது; முடிவில் ஆறு மணிநேரத்துத் தரவு மீளாதொழிந்தது. கட்டளை ‘மெய்யாகவோ?’ என்று வினவுவதில்லை. ஏவியதை ஏவியவாறே செய்யும். ஆயினும், அந்நிறுவனம் எக்கணினியில் எக்கட்டளை இடப்பட்டது என்பது முதலாக நிகழ்ந்தவற்றை முறையே எழுதி உலகறிய வெளியிட்டது. சொல்லாற் செய்த பிழையாதலின், சொல்லால் எடுத்துரைத்தலும் பிறர் அதனைக் கண்டு தம்மைக் காத்துக்கொள்ளலும் இயன்றன.

ஆதலின் எம் துணிபு இது: காண்டற்குச் சாளரம், மாற்றுதற்குக் கட்டளை. வரைபடத்தை நோக்கி நிலைமையை அறிக. மாற்றம் வேண்டின், அதனை முன்னரே கோப்பில் எழுதுக. மற்றொருவர் கண்ணுக்குக் காட்டுக. வேறொரு கணினியிற் சோதித்தபின் ஏவுக. முனையத்தில் விரைந்து தட்டிவிட்டு மறப்பவனும் பொத்தானை அழுத்திவிட்டு மறப்பவனும் ஒருநிலையினரே.

திருமறையில் உக்கிராணக்காரன் ஒருவனை அவன் எசமானன் அழைத்துக் கணக்கு ஒப்புவிக்கக் கேட்ட உவமையை யாவரும் அறிவர். வழங்கியை நிருவகிப்போனும் அவன்போற் பிறர் பொருளுக்குப் பொறுப்பாளனே. மாணவரின் மதிப்பெண்களும் நோயாளரின் குறிப்புகளும் ஒரு மன்றத்தின் ஐம்பதாண்டு மலர்களும் அவன் கையில் ஒப்புவிக்கப்பட்டுள்ளன. அவன் என்றும் அவ்விடத்தில் இருப்பவன் அல்லன். கணக்குக் கேட்கும் நாளில், ‘எங்கோ எதனையோ அழுத்தினேன்’ என்பது விடையாகாது. கணினித் துறை பயிலும் எம் தோழர்கள் இதனைக் கருதுவாராக. பின்வருவோர் படித்தறியுமாறு எழுதிவைத்துச் செல்வோரே நல்ல நிருவாகியர்.