நம் நிறத்தைக் கெடுக்காத மீட்டர்

முதல்முதலாக ஃப்ளாஷ் மீட்டர் வாங்கப் போகிறவர்கள் யோசனை கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: முன்னால் வெள்ளைக் குமிழ் வைத்த மீட்டராகப் பார்த்து வாங்குங்கள். அந்தக் குமிழை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து அளக்கப் பழகுங்கள். மற்ற வசதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேலாக ஸ்டூடியோ நடத்துகிறேன். போன வாரம்கூட எர்ணாவூரிலிருந்து ஒரு தம்பி வந்தான். வாரநாட்களில் ஒப்பந்த வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணமும் மஞ்சள் நீராட்டு விழாவும். இரண்டு ஃப்ளாஷ், இரண்டு குடை, ஒரு ட்ரிகர் எல்லாம் சேர்த்துவிட்டான். "ண்ணா, மீட்டர் மட்டும்தான் பாக்கி. எது வாங்கட்டும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைப் பத்திரிகையிலும் எழுதக் காரணம் இருக்கிறது. இது கருவி வாங்குகிற விஷயம் மட்டுமல்ல. காசிமேட்டிலும் எண்ணூரிலும் வெயிலிலும் உப்பிலும் நின்று வேலை செய்கிறவர்களின் முகம் படத்தில் எந்த நிறத்தில் வருகிறது என்ற விஷயமும்கூட.

நான் தொழில் கற்றது ராயபுரத்தில், பிலிம் காலத்தில். எங்கள் மாஸ்டரிடம் ஒரு மினோல்ட்டா ஃப்ளாஷ் மீட்டர் இருந்தது. கர்சீப்பில் சுற்றி டிராயரில் வைத்திருப்பார். பாஸ்போர்ட் படமோ குடும்பப் படமோ, ஆளை ஸ்டூலில் உட்கார வைத்ததும் முகவாய்க்குக் கீழே மீட்டரைக் கொண்டுபோவார். குமிழ் கேமராவைப் பார்த்திருக்க வேண்டும். "அடி" என்பார். நான் ஃப்ளாஷை அடிப்பேன். "எட்டு" என்பார், சில சமயம் "எட்டும் அரையும்" என்பார். நான் லென்ஸின் துளை வளையத்தை அந்த எண்ணுக்குத் திருப்பி வைப்பேன். ஒரு ரோலில் முப்பத்தாறு படம்தான், எடுத்த படத்தை அங்கேயே பார்க்க வழியில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு நேராக வந்து உட்கார்ந்த ஒருவரை எடுக்கும்போது, "இவர் ரொம்பக் கறுப்பா இருக்காரே, கொஞ்சம் திறந்து வைக்கட்டுமா மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் திட்டவில்லை. "ஆள் எவ்ளோ கறுப்புன்னு மீட்டருக்குத் தெரியவே கூடாதுடா. அவர் மேல விழுற வெளிச்சம் எவ்ளோன்னு தெரிஞ்சா போதும்" என்றார். அன்று பாதிதான் புரிந்தது.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் பொருளில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கிறது. எதைக் காட்டினாலும், அது விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடும். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் நின்றால் வெளிச்சம் அதிகம் என்று பயந்து படத்தை இருட்டடிக்கும், முகம் கரியாகிவிடும். அதே மனிதர் நீலப் பனியனில் இருட்டான கொட்டகைக்கு முன்னால் நின்றால் வெளிச்சம் போதவில்லை என்று ஏற்றிவிடும், முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். ஆள் ஒருவர்தான், அவர் நின்ற இடத்து வெளிச்சமும் ஒன்றுதான். சட்டை மாறியதால் முகத்தின் நிறம் மாறிப்போகிறது. குமிழ் வைத்த மீட்டருக்கு இந்தக் குழப்பமே இல்லை. அது ஆளைப் பார்ப்பதில்லை, ஆள் இருக்கும் இடத்தில் வந்து விழும் வெளிச்சத்தைப் பார்க்கிறது. அது சொன்ன எண்ணை வைத்து எடுத்தால் கறுப்பு கறுப்பாக வரும், மாநிறம் மாநிறமாக வரும், வெள்ளைச் சட்டையின் மடிப்பும் தெரியும்.

கறுப்பு முகங்களுக்கு இந்தத் தொழில் செய்த அநியாயம் நம் ஊரில் தொடங்கியதல்ல. கோடாக் நிறுவனம் கலர் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பிவந்தது. அதில் இருப்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்த வகைப் படத்துக்கு ஷெர்லி கார்டு என்றே பெயர் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்பது உலகமெங்கும் பல லேப்களில் கணக்கு. ராயபுரத்து மீனவரின் தோலைச் சரியாகக் கொண்டுவர அந்தக் கார்டில் வழி இல்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மோதி எங்கள் தெருப் பையன் ஒருவன் இறந்துபோனான். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். பிரிண்ட் போட்டவர்கள் வழக்கம்போல முகத்தை வெளுத்து, கன்னத்தில் சிவப்பேற்றி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை அவன் அம்மா என் கடைக்கு வந்தார். "யாரோ மாறி கீதுப்பா. எம்புள்ள கறுப்பு. அவன் மொகத்தக் குடு" என்றார். அவன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஹால் டிக்கெட்டுக்காக நான் எடுத்த படம் பழைய ஹார்டு டிஸ்கில் இருந்தது. மீட்டர் வைத்து அளந்து எடுத்தது. எதையும் தொடாமல் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவர் முந்தானையால் அந்தப் படத்தைத் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

இப்போது வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டூடியோ ஃப்ளாஷ் எரிவது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், சிலவற்றில் அதைவிடக் குறைவு. பட்டனை அழுத்துவதற்கு முன் அளக்க அங்கே வெளிச்சமே கிடையாது. அதனால் கேமரா மீட்டர் இதற்கு உதவாது. போனில் இறக்கிக்கொள்ளும் மீட்டர் செயலிகளும் எரிந்துகொண்டே இருக்கும் வெளிச்சத்துக்குத்தான். கையில் பிடிக்கும் மீட்டரிலும் எல்லாம் ஃப்ளாஷை அளக்காது. செகோனிக் எல்-398 பார்க்க அழகான மீட்டர், பேட்டரியே வேண்டாம், ஆனால் ஃப்ளாஷுக்கு ஆகாது. பழைய வெஸ்டன் மீட்டர்களும் அப்படித்தான். தாத்தா வைத்திருந்தது என்று அலமாரியில் வைக்கலாம், தொழிலுக்கு எடுத்துப்போக முடியாது. பாதரச பேட்டரி கேட்கும் பழைய வகைகளையும் விட்டுவிடுங்கள், அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை.

என் தேர்வு செகோனிக் எல்-308 வரிசையில் ஃப்ளாஷை அளக்கும் மாடல். சட்டைப் பைக்குள் அடங்கும். ஒரே ஒரு ஏஏ பேட்டரி போதும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். குமிழைப் பக்கவாட்டில் தள்ளினால் திரும்பி வரும் வெளிச்சத்தையும் அளக்கும். ஒரு ஸ்டாப்பை, அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் படியை, பத்தாகப் பிரித்துக் காட்டும். ஒயர் மாட்டி மீட்டரிலிருந்தே ஃப்ளாஷை அடிக்கலாம், ஒயர் இல்லாமலும் அளக்கலாம். பட்டனை அழுத்தினால் மீட்டர் காத்திருக்கும், மற்றக் கையால் ட்ரிகரை அமுக்கினால் எண் வந்துவிடும். தொடுதிரை, ரேடியோ, மொத்த வெளிச்சத்தில் ஃப்ளாஷின் பங்கு எத்தனை சதவீதம் என்ற கணக்கு இதெல்லாம் விலை கூடிய மாடல்களில் உண்டு. அதற்குப் போகும் பணத்தில் முதலில் நல்ல ஸ்டாண்டு இரண்டு வாங்கலாம். எங்கள் கடற்காற்றில் இளகிய ஸ்டாண்டு சாய்ந்து ஃப்ளாஷ் உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பழையது வாங்கினாலும் தவறில்லை. மினோல்ட்டா 2006இல் கேமரா தொழிலை விட்டே போய்விட்டது. ஆனால் அந்த மீட்டர்கள் இன்னும் வேலை செய்கின்றன. எல்லீஸ் ரோட்டில் விசாரித்தால் ஏதாவது ஒன்று அகப்படும். வாங்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஃப்ளாஷை முழுச் சக்தியில் அடித்து அளந்து பாருங்கள். இடத்தை மாற்றாமல் பாதிச் சக்தியில் அடித்து அளந்து பாருங்கள். எண் சரியாக ஒரு ஸ்டாப் இறங்க வேண்டும். 11 காட்டியது 8 காட்ட வேண்டும். பேட்டரி மூடியைத் திறந்து பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள், குமிழ் மஞ்சளாகியிருக்கிறதா பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, வேலை இல்லாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். இந்த உப்புக் காற்றுக்கு முன்னால் பித்தளையும் தாங்காது.

மீட்டர் இருந்தால் வேலை எப்படி மாறும் என்பதற்கு ஓர் ஆயுத பூஜையைச் சொல்கிறேன். விம்கோ நகர் பக்கம் ஒரு லேத் பட்டறை. லேத்துகளைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். ஒன்பது பேர் ஒரு வரிசை. முதலாளி வெள்ளை வேட்டியில் இடது ஓரம். வலது கடைசியில் புதிதாகச் சேர்ந்த பையன், நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் போகவில்லை. என் குடை இடது பக்கம். முதலாளிக்கும் குடைக்கும் இடையே தூரம் இரண்டு மீட்டர், பையனுக்கு நான்கு மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்குதான் போய்ச் சேரும். முதலாளியின் முகவாயில் மீட்டர் 11 காட்டியது, பையனிடம் 5.6. இரண்டு ஸ்டாப் வித்தியாசம். அப்படியே எடுத்திருந்தால் முதலாளி பளபளப்பார், பையன் இருட்டில் போவான். குடையை வாசல்வரை பின்னால் இழுத்தேன். இப்போது முதலாளிக்கு ஐந்து மீட்டர், பையனுக்கு ஆறரை. ஃப்ளாஷ் சக்தியை ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் ஏற்றினேன். முதலாளியிடம் 8, பையனிடம் 5.6க்குச் சற்று மேல். வலது பக்கம் இரண்டாவது குடையை மெல்லியதாக வைத்து அந்தக் குறையை நிரப்பினேன். ஒன்பது முகவாயிலும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆனது. பொரி நமத்துப்போகவில்லை, யாரும் சலித்துக்கொள்ளவும் இல்லை. அந்தப் படத்தில் கடைசிப் பையனின் கண்ணும் தெரிகிறது.

"பின்னாடிதான் ஸ்கிரீன் இருக்கே ண்ணா, பார்த்துப் பார்த்து எடுத்துடலாமே" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் மண்டபத்து இருட்டில் அந்தத் திரை பிரகாசமாகத் தெரியும், மொட்டை வெயிலில் மங்கலாகத் தெரியும். அதை நம்பி முகத்தின் நிறத்தை முடிவு செய்யக்கூடாது. ஃப்ளாஷைத் தானாக அளந்துகொள்ளும் டிடிஎல் வசதியும் திரும்பி வரும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. பெண் கறுப்புப் பட்டில் வந்தால் ஒரு நிறம், வெள்ளைப் பட்டில் வந்தால் வேறு நிறம். ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், ஒரே பெண் பக்கத்துக்குப் பக்கம் வேறு ஆளாக இருப்பாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது நான் அங்கே போனேன். மீனவர்கள் குவளையாலும் கையாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்த நேரம். கூட வந்த நண்பர் கேமராவைத் தானியங்கியில் விட்டு, எண்ணெய் அள்ளிய பெரியவர் ஒருவரை எடுத்தார். எங்கும் இருட்டு என்று கேமரா வெளிச்சத்தை ஏற்றிவிட்டது. எண்ணெயும் சாம்பல், கையும் சாம்பல். சேற்றில் கைவிட்டவர்போல இருந்தது படம். நான் அந்தப் பெரியவரின் கைப்பக்கம் குமிழை வைத்து, சிறிய ஃப்ளாஷ் ஒன்றை அடித்து அளந்தேன். அந்தப் படத்தில் கை கறுப்பு. அதன் மேல் எண்ணெய் அதைவிடக் கறுப்பு. முழங்கையில் எண்ணெய் முடிந்து தோல் தொடங்கும் கோடு தெளிவாகத் தெரிந்தது. என்ன நடந்தது என்று அந்தக் கோடுதான் சொல்கிறது.

கொசஸ்தலையாற்றில் இறால் பிடிக்கிறவர்களைத் தொடர்ந்து படமெடுத்த பழனிக்குமாரின் படங்களைப் பாருங்கள். மெட்ராஸ் (2014), சார்பட்டா பரம்பரை (2021) இரண்டுக்கும் ஒளிப்பதிவு செய்த முரளியின் காட்சிகளைப் பாருங்கள். நம் முகம் வெளுக்கப்படாமலே அழகாக இருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் நின்று பார்க்கிறேன்.

"கொஞ்சம் கலர் ஏத்திக் குடுண்ணா" என்று கேட்கும் வாடிக்கையாளர்களை நான் கோபிப்பதில்லை. இரண்டு பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் வைக்கிறேன்: ஒன்று ஏற்றியது, ஒன்று மீட்டர் சொன்னபடி எடுத்தது. முதலில் ஏற்றியதைக் கையில் எடுப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து மற்றதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் பலர். ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர்களும், போட்டோகிராபி வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களும் இந்த ஒன்றைச் செய்தால் போதும். டச்சிங்கைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் குமிழைப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

மீட்டர் வாங்க இன்னும் பணம் சேராத தம்பி தங்கைகள் திங்கட்கிழமை காலையில் தேரடிக்கு வாருங்கள். அன்று எனக்கு வேலை குறைவு. என் மீட்டர் மேசை மேல்தான் இருக்கும். ஃப்ளாஷை எடுத்துக்கொண்டு, படமெடுக்க வீட்டிலிருந்து ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.